அமலோற்பவத்தின் கதிரை

கதிரையைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்தபடி அமலோற்பவம் ஒழுங்கையில் நடக்கிறார். சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை. வெடித்த ஒரு காலை வலை நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறார். எந்த வீட்டில் மனைவிக்கு அடி விழும் சத்தம் கேட்கிறதோ, அந்த வீட்டு முற்றத்து மணலில் அதை ஊன்றி, வாசலைப் பார்த்து உட்காருவார். உள்ளே போகமாட்டார். நியாயம் கேட்கமாட்டார்.

போன மாதம் சிங்கராசா வீட்டு முற்றத்தில் இருந்தார். சிங்கராசா வெளியே வந்து கேட்டார்: “என்னக்கா, உங்கட வீட்டில இருக்க இடமில்லையோ?”

“இடம் கிடக்கு தம்பி. உங்கட முத்தத்திலதான் காத்து வருது. ஒரு தேத்தண்ணி தாவன்.”

சிங்கராசா மனைவியைக் கூப்பிடத் திரும்பினார்.

“அவளை ஏன் கூப்பிடுறாய்? உன்ர கை சும்மாதானே இருக்கு. நீ ஊத்து.”

பேசாலைக் கரையில் முற்றத்துக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவதில்லை. தண்ணீர் கொதித்து, சாயம் ஊறி, சீனி கரைவதற்குள் எந்தக் கையும் கொஞ்சம் தணிந்துவிடும். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதிரையைத் தூக்குவார். அதுவரை எழும்பமாட்டார்.

விடியற்காலையில் அவருக்குக் கரையில் மீனவர் கொட்டிலான வாடியில் வேலை. வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் கழற்ற வேண்டும். புதிதாகக் கலியாணம் கட்டிய பெண்களைத்தான் பக்கத்தில் இருத்திக்கொள்வார். கை வலையில் இருக்கும். கண் அவர்களின் தோளிலும் கழுத்திலும் போய் வரும். “நண்டு கடிச்சதெண்டு சொல்லாத பிள்ளை. நண்டு முதுகில கடிக்காது.”

தன் கதையை அவர் அதிகம் சொல்வதில்லை. “அந்த மனுசன் கடலால வந்தால் எங்கட கோழியும் கூட்டுக்குள்ள போயிடும். ஏழு தரம் வயித்தில தரிச்சுது, மூண்டுதான் மிஞ்சினது. ஒருத்தரும் எங்கட முத்தத்தில வந்து இருக்கேல்லை.”

மூவரில் இளையவன் றொட்னி. அவனும் மனைவி ஜெயனியும் அவரோடுதான் இருக்கிறார்கள். ஜெயனியின் முதல் பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பிள்ளை இன்னும் தவழத் தொடங்கவில்லை. உடனே இன்னொன்று தங்கினால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்காக ஜெயனி கிளினிக்குக்குப் போனபோது, பிள்ளையை மடியில் வைத்தபடி கூட இருந்தவர் அமலோற்பவம். றொட்னியிடம் இருவருமே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அது அவன் விரலில் தட்டுப்பட்டது.

“ஆரைக் கேட்டு வைச்சனி? நாளைக்கே போய்க் கழட்டு.” ஒழுங்கை முழுவதும் கேட்டது.

“கழட்ட மாட்டன். சாகப்போறது நான்தானே.”

பிறகு அடி விழுந்த சத்தம். பிள்ளையின் அழுகை.

அமலோற்பவம் அப்போது குழாயடியில் எங்களோடு நின்றார். பெண்கள் நாங்கள் எல்லாரும் அவரவர் வாளியைப் பார்த்தோம். வேலிக்கு அப்பாலிருந்து சிங்கராசாவின் குரல் வந்தது: “என்னக்கா, இண்டைக்கு ஒரு முத்தத்திலயும் காத்து வரேல்லையோ?”

அமலோற்பவம் குழாயைப் பூட்டினார். வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போய், தன் வீட்டு வெளிச்சுவரில் சாத்தியிருந்த கதிரையை எடுத்து, தன் முற்றத்தில், தன் வாசலைப் பார்த்து ஊன்றினார்.

றொட்னி வெளியே வந்தான். “அம்மா, உள்ள வாங்கோ. சனம் பாக்குது.”

“பாக்கட்டும். அவளோட கிளினிக்குக்குப் போனது நான். கழட்டுறதெண்டால் முதல் என்னோட வந்து கதை.”

அவன் உள்ளே போனான். குசினியில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. ஜெயனி பிள்ளையோடு வந்து வாசற்படியில் இருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

றொட்னி கோப்பையை நீட்டினான். “குடிச்சிட்டு எழும்புங்கோ அம்மா.”

அவர் வாங்கினார். வாயில் வைக்கவில்லை. கதிரையின் கட்டுப்போட்ட காலுக்கு அருகில், மணலில், நிரம்பியபடியே வைத்தார்.