பழசுல எவ்வளவு மிச்சம்?

குவெய்-மெய் இடது உள்ளங்கையை உயர்த்தினால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அவள் கழுத்தில் சமையலறை டைமர் ஒன்று தொங்கும். "இருங்க, பழசுல எவ்வளவு மிச்சம்னு பாத்துக்கறேன்" என்று அதைப் பார்ப்பாள், மிச்சத்தை வாய்விட்டுச் சொல்வாள், பிறகுதான் எதிரில் நிற்பவருக்குக் காது கொடுப்பாள். முதலாளி சுங் மாடிப்படியில் வழுக்கி விழுந்து அலறியபோதும் உள்ளங்கைதான் முதலில் உயர்ந்தது.

தைவானின் ஷின்ச்சு நகரத்தில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவர்களுடைய சின்னக் கம்பெனி. தேநீர்க் கடைகளுக்குத் தானாகத் தேநீர் இறக்கும் இயந்திரம் செய்கிறார்கள். அதற்கு 'சி' என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுவது குவெய்-மெய்.

இலை ஊறும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது அலாரம். 'இத்தனை விநாடி கழித்து என்னைக் கூப்பிடு' என்று புரோகிராம் சிஸ்டத்திடம் சொல்லி வைக்கும். நேரம் வந்ததும் சிஸ்டம் சிக்னல் அனுப்பும், வடிகுழாய் திறக்கும். இதில் ஒரே ஒரு வில்லங்கம். ஒரு புரோகிராமுக்கு ஒரு அலாரம்தான். இன்னொன்று வைத்தால் முந்தியது சத்தமில்லாமல் செத்துப்போகும். ஆனால் தன்னிடம் எத்தனை விநாடி மிச்சமிருந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சாகும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, இடையில் போன நேரத்தைக் கழித்து, மறுபடி வைக்க வேண்டியது எழுதுகிறவர் பொறுப்பு.

"சாகப்போறது கடைசியா சொல்றதைக் காதுல வாங்காத ஜென்மம்" என்று பக்கத்து மேஜை லோவை அவள் திட்டாத நாளில்லை. லோ அந்தத் தப்பை ஒரே ஒரு தடவை செய்தவன், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

போன மாதம் லாய் அம்மா வந்தார். ஊரெங்கும் தேநீர்க் கடைகள் வைத்திருப்பவர். எல்லாக் கடைகளுக்கும் இந்த இயந்திரத்தை வாங்குவதா, வேண்டாமா என்று அன்று தெரிந்துவிடும். வாங்காவிட்டால் கம்பெனியை மூடிவிடுவதாக சுங் முன்பே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு எல்லோருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

லாய் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தேநீரையும் ஒரு வாய்தான் குடிப்பார், மீதியைக் கழிவு வாளியில் கொட்டிவிடுவார். "முழுக்கக் குடிச்சா நாக்கு கெட்டுடும்" என்பார். சொந்தக் கடைத் தேநீருக்கும் அதே கதிதான்.

இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். இலை ஊறியது. ஊறிக்கொண்டே இருந்தது. வடிகுழாய் திறக்கவில்லை. சுங் சிரித்துக்கொண்டே இயந்திரத்தின் முதுகில் தட்டினார். கடைசியில் கையால் திறந்து ஊற்றிக் கொடுத்தார்.

"பிரசவத்துக்கு என் மாமியார் காய்ச்சிக் குடுத்த கஷாயமே தேவலை" என்று லாய் அம்மா கோப்பையை வாளியில் கவிழ்த்தார்.

சுங்கின் பார்வை தானாக லோவின் பக்கம் போயிற்று. "யாருப்பா பாத்த வேலை இது?"

குவெய்-மெய் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் சென்சாரிடம் கேட்டுப் பார்க்கும் பகுதியைப் போன வாரம் எழுதியிருந்தாள். சென்சார் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் விட்டுவிட்டு வருவதற்கு அங்கே ஓர் அலாரம் வைத்திருந்தாள். அன்று தண்ணீர் குறைந்ததும் அது தேநீரின் அலாரத்தைக் கொன்றுவிட்டது. மிச்சத்தை வாங்கி வைக்க ஒரு வரிகூட இல்லை.

"நான் பாத்த வேலைதான், முதலாளி. மிச்சத்தைக் கேக்காம விட்டுட்டேன்." காது மடல்வரை சிவந்துவிட்டாள். அந்த மாடியில் அவளுக்கு அவ்வளவு அவமானமான நாள் வேறில்லை.

லோ ரொம்ப மரியாதையாக இடது உள்ளங்கையை உயர்த்தினான். "அக்கா, பழசுல எவ்வளவு மிச்சம்?"

"மூடுடா வாயை."

லாய் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இன்னும் ஒரே தடவை. அதுக்குமேல எனக்குப் பொறுமை கிடையாது."

குவெய்-மெய் விட்டுப்போன வரிகளை எழுதினாள். சுங் தொட்டியில் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்து வைத்தார். இலை ஊறியது, நடுவில் சென்சார் விசாரணை வந்து போயிற்று, நேரத்துக்கு வடிகுழாய் திறந்தது. லாய் அம்மா ஒரு வாய் குடித்தார். சுங் எப்படி இருக்கிறதென்று கேட்கப் பயந்து சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

அப்போது தெருமுனையில் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வருவது கேட்டது. குப்பையை அவரவரே இறங்கிப்போய் அதில் போட வேண்டும். அதைத் தவறவிட்டால் மறுபடி லாரி வரும்வரை குப்பையோடு குடித்தனம்தான். குவெய்-மெய் எழுந்தாள். ஒரு கையில் குப்பைப் பை, மறு கையில் கழிவு வாளி. போகிற போக்கில் வாளியை லாய் அம்மாவிடம் நீட்டினாள்.

"மிச்சத்தைக் கொட்டிடுங்கம்மா, லாரி போயிடும்."

லாய் அம்மா வாளியைப் பார்த்தார். பிறகு கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.