எப்சிபா மேடமும் எஸ். கோமதியும்

எங்கள் கல்லூரி நூலகர் எப்சிபா மேடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். அவர் நூலகத்தில் புத்தகம் அடுக்குவது என் வேலை. அதனால் அவரைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

மேடத்துக்குச் சொந்த ஊர் ராயகிரி. அப்பா ஏசுவடியான் அங்கே உரக்கடை வைத்திருந்தார். மேடம் படித்தது சங்கரன்கோவிலில். கடைசி வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் வகுப்பு இருக்கும். படிக்கிற காலம் முழுவதும் நூலகத்தை வெளியே இருந்து பார்த்தபடியே போனவர், பிறகு திருநெல்வேலிக்குப் போய் நூலக அறிவியலையே எடுத்துப் படித்தார்.

அவர் எங்கள் கல்லூரிக்கு வந்த புதிதில் நூலகத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். புத்தகப் பட்டியல் முழுவதும் அதற்குள்தான். ஒரு ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அது எரிந்துபோனது. பட்டியலும் அதோடு போயிற்று. ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தூசி தட்டி நான் பெயரை வாசிக்க, மேடம் மறுபடி பதிந்தார். பாதி வேலையில் ஒரு நாள், இனி எதையும் இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் வைப்பதில்லை என்றார்.

அப்படித்தான் கிளவுட் நூலகம் வந்தது. புத்தகப் பட்டியல், பழைய கேள்வித்தாள்கள், மின்னூல்கள், பேராசிரியர்களின் பாடக்குறிப்புகள் எல்லாம் எங்கோ தொலைவில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கும். பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் போனைத் திறந்து, தங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போய்ப் படிக்கலாம். எங்கள் கட்டடத்தில் கரண்ட் இல்லாவிட்டாலும் அங்கே விளக்கு எரியும் என்று மேடம் எனக்கு விளக்கினார்.

கல்லூரிச் செயலாளர் சிவராம் அண்ணாச்சிக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவர் பருத்தி வியாபாரி. கண்ணால் பார்த்ததைத்தான் ஒத்துக்கொள்வார். நேரில் வந்து உட்கார்ந்து படிக்காத பிள்ளை போனில் படிக்குமா என்று கேட்டார். ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம், பிள்ளைகள் படிக்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லித்தான் சம்மதித்தார். மேடம் கோடை விடுமுறை முழுவதும் கேள்வித்தாள்களை ஸ்கேன் செய்தார். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அவரே ஏற்றினார்.

பருவம் முடிகிற சமயம் அண்ணாச்சி நூலகத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் எப்போது, எவ்வளவு நேரம் படித்தார்கள் என்ற கணக்கை மேடம் திரையில் காட்டினார். கல்லூரியில் பாதிப் பிள்ளைகள்கூட உள்ளே வந்ததாக அதில் இல்லை. எஸ். கோமதி என்ற ஒரு பெயர் மட்டும் எல்லாருக்கும் மேலே, எட்டாத உயரத்தில் நின்றது.

அண்ணாச்சி அந்தப் பெயருக்கு நேரே இருந்த நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "விடியக்காலமும் இவதான் படிக்கா, மத்தியானமும் இவதான், சாமத்துலயும் இவதான். ஒரு பிள்ளை தூங்காம இப்படிப் படிக்குமா? தன் பேரை வெளியாளுக யாருக்கோ குடுத்திருக்கா. இல்லன்னா கணக்குல யாரோ கை வச்சிருக்காவ" என்றார்.

கடைசிச் சொல் யாருக்கு என்று எங்களுக்குத் தெரியும். மேடத்தின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "அந்தப் பிள்ளையவே கூப்பிட்டுக் கேட்டுருவோம் அண்ணாச்சி" என்றார்.

அலுவலக உதவியாளர் உச்சிமாகாளி வகுப்பு வகுப்பாகப் போய், நூலகத்துக்கு எஸ். கோமதி வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். முதலில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் மாடியில் இருந்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறங்கினார்கள். வாசலில் செருப்பு குவிந்துவிட்டது.

"எதுக்குட்டி கூட்டமா வாரிய? கோமதி மட்டும் வந்தாப் போதும்" என்றார் அண்ணாச்சி.

"நாங்க எல்லாருமே கோமதிதான் சார்."

அண்ணாச்சி ஓரத்தில் முக்காடு போட்டு நின்ற கடையநல்லூர் ரிஸானாவைப் பார்த்தார். "நீயுமா?"

"இல்ல சார். நான் இவளுக்குத் துணைக்கு வந்தேன்."

கோமதி அம்மன் கோயில் இருக்கிற சங்கரன்கோவில்தான் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. அப்பா பெயர் சங்கரன், சண்முகம், சுப்பையா என்று எதுவானாலும் முன்னெழுத்து எஸ்.

மேடம் மெல்ல விசாரிக்க, கரிவலம்வந்தநல்லூர்க் கோமதி வாயைத் திறந்தாள். ஒருத்தி உள்ளே படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி நுழைந்தால் கிளவுட் நூலகம் முதல் ஆளை வெளியே தள்ளிவிடுகிறதாம். முதல் வாரம் ஒருத்தியை ஒருத்தி தள்ளிச் சண்டை. பிறகு வாட்ஸ்அப்பில் குரூப் போட்டு முறை வைத்துக்கொண்டார்கள். ராயகிரிக் கோமதி விடியுமுன் எழுந்து படிப்பாள். கரிவலம் கோமதி காலையில் மல்லிகைப் பூ எடுக்கப் போவதால் மத்தியானம். விசைத்தறி ஓடும் வீட்டுக் கோமதிக்குத் தறிச் சத்தம் நின்ற பிறகு, ராத்திரி. பரீட்சைக்காரிக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

"இத எங்கிட்டச் சொல்லக் கூடாதாட்டி?" என்றார் மேடம்.

"குழாயடியில மொற வச்சுத்தான தண்ணி பிடிக்கோம் மேடம். இதுவும் அப்படித்தான் போலன்னு நெனச்சோம்."

மேடம் தான் ஏற்றிய பெயர்களைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தப்பு என்மேலதான் அண்ணாச்சி. பேரையும் முன்னெழுத்தையும் மட்டும் வச்சு ஏத்திட்டேன். ஒரே மாதிரிப் பேரா இருந்ததை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரே ஆளாச் சேத்துட்டு. மொத கடவுச்சொல்லும் எல்லாருக்கும் ஒண்ணேதான் குடுத்தேன். அதான் எல்லாரும் நுழைய முடிஞ்சிருக்கு. பதிவெண்ணைச் சேத்திருக்கணும். எனக்குத் தோணல."

இந்த ஊரிலேயே படித்தவருக்கே தோன்றவில்லை. வெளியூர்க்காரர் யாராவது ஏற்றியிருந்தால், இத்தனை கோமதி ஏன் என்று ஆரம்பத்திலேயே கேட்டிருப்பார்.

அண்ணாச்சி பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "என் வீட்டுலயும் ஒரு எஸ். கோமதி இருக்கா. நல்லவேளை, அவள இங்க சேக்கல" என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "முறை வச்சுப் படிக்கிற பிள்ளைகளப் பாத்துட்டு நான் எப்படிம்மா இத நிறுத்தச் சொல்லுவேன்? நடத்துங்க. நிர்வாகக் கூட்டத்துல மட்டும் இந்தத் தப்பைச் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்."

"அதச் சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லுவேன் அண்ணாச்சி. இல்லன்னா இவ்வளவு பிள்ளைக படிச்சது யாருக்கும் விளங்காது."

அண்ணாச்சி எழுந்தார். போகும்போது நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் மேடம் சாப்பிடவில்லை. ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதிவெண்ணோடு தனித்தனியாகப் பிரித்துக்கொடுத்தார். இதே போல ஒரே ஆளாகச் சேர்ந்துபோயிருந்த சங்கரநாராயணன்களுக்கும் ஆள் அனுப்பினார். பையன்கள் முறையும் வைக்கவில்லை, சொல்லவும் இல்லை. வெளியே தள்ளியதும் போனை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேடம் அவர்களைத் திட்டிக்கொண்டே பிரித்துக்கொடுத்தார்.

கடைசியாக உட்கார்ந்த விசைத்தறி வீட்டுக் கோமதி, இனிக் குரூப்பைக் கலைத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"எதுக்குட்டி கலைக்கணும்? என்னையும் அதுல சேத்து விடு" என்றார் மேடம்.

சேர்த்ததும் அவர் போன் ஓயாமல் அடித்தது. எல்லாக் கோமதிகளும் ஒரே நேரத்தில் உள்ளே போய்ப் பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். மேடம் திரையை எனக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார். எஸ். கோமதி, எஸ். கோமதி, எஸ். கோமதி என்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒருத்தியையும் அது வெளியே தள்ளவில்லை.