பொய் சொல்லாத வீடு

காணிப்பாக்கத்துக் குளக்கரையில் அவரைப் பார்த்தேன். அங்குள்ள பிள்ளையார் முன் செய்த சத்தியத்தை மீறினால் தப்ப முடியாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் திருப்பதியிலிருந்து மகனையும் மருமகளையும் பேத்தியையும் அழைத்துப் போயிருந்தேன். ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில்லை, வரும் தலைமுறைக்கும் அதுவே வழி என்று அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியத்துக்கு முன் மூவரும் குளத்தில் முழுகிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கும் என் வயதுதான் இருக்கும். துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை. பாலசமுத்திரத்தில் கரும்பு போடுகிறவராம். தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வார். "வெயிலு சாஸ்தியா? சாஸ்திதான். துன்னாச்சா? ஆச்சு."

வந்த காரணத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

"நானும் எங்க பசங்ககிட்ட இதே சத்தியத்த வாங்கினேன் சார்."

"காப்பாத்தறாங்களா?"

"ஒருத்தனும் பொய் சொன்னதில்ல. எங்கிட்ட பேசறதே இல்லியே, எப்படிச் சொல்லுவான்? அந்தச் சத்தியத்த வாபஸ் வாங்கிக்கச் சொல்லி சாமிய கேக்கத்தான் வருஷா வருஷம் வந்துகினு இருக்கேன். உங்க புள்ளைங்க இன்னும் தண்ணியிலதான் இருக்காங்க. ஊட்டுக்குக் கூட்டிகினு போயிடுங்க."

பிள்ளை வளர்க்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன். ஈரத் துணியோடு நின்றவர்களைச் சந்நிதிக்கு நடத்திச் சென்றேன்.

சத்தியம் செய்து திரும்பிய பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அமைதியான குடும்பம் என்று ஊரிடம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று என் பரிசோதனை முடிவை மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தான். மறுபடியும் கேட்டேன். எழுந்து போய் மின்விசிறியைக் குறைத்தான். "ஒண்ணுமில்ல நைனா" என்று சொல்லமாட்டானா என இருட்டும்வரை காத்திருந்தேன்.