சுரண்டாத பன்னிரண்டு அடி

துறைமுகத்துக் குழாய்களுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பெயின்ட் அடிப்பவரை எல்லோரும் வெள்ளைக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். சோறு பிசையும்போதுகூட நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருக்கும். "கட்டின பொண்டாட்டியவிட அந்தக் குழாயத்தான் அதிகமாத் தடவிக் குடுத்திருக்காரு" என்பாள் அவர் மனைவி. அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு கவளம் எடுப்பார்.

கப்பலிலிருந்து இறக்கும் எண்ணெய், கடலோரமாக ஓடும் அந்தக் குழாய் வழியாகத்தான் தொட்டிகளுக்குப் போகும். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. அதனால் முதலில் கம்பி பிரஷால் துருவைச் சுரண்ட வேண்டும். பிறகு சிவப்புப் பூச்சு. அதன் மேல்தான் வெள்ளை. இந்த வரிசையை அவர் ஒருநாளும் தப்பவிட்டதில்லை, ஒரே ஒரு முறை தவிர. ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று மேஸ்திரி பறந்தார். வாய்க்கால் ஓரம் பன்னிரண்டு அடி மிச்சம். துருவின் மேலேயே வெள்ளைக்கை வெள்ளையை இழுத்துவிட்டார். வந்தவர்கள் பளபளப்பைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டு அவர் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அடுத்த வாரம் ஒருநாள் காலை ஒரு கப்பல் எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. வெள்ளையில் ஒரு கொப்புளம். அதன் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டு நீண்டு சொட்டியது. கீழே வாய்க்கால். வாய்க்கால் போய்ச் சேர்வது கடலில்.

சொன்னால் குட்டு வெளிப்பட்டு வேலை போகும். அதை அவர் நினைத்து முடிப்பதற்குள் கால்கள் பம்ப் அறைக்கு வந்திருந்தன.

"தங்கச்சி, பம்ப்ப நிறுத்தும்மா! குழாய் கசியுது!"

பம்ப் ஓட்டும் பெண் திரும்பினாள். "எழுத்துல உத்தரவு இல்லாம நிறுத்தக்கூடாதுண்ணே. கப்பல் காத்துக் கிடந்தா என் தலைதான் உருளும். போன மாசமும் ஒருத்தர் இப்படித்தான் அலறிக்கிட்டு வந்தாரு. போய்ப் பாத்தா மழைத் தண்ணி."

"இது தண்ணி இல்லம்மா. அந்த இடத்துல நான் சுரண்டவே இல்ல. துரு மேலயே அடிச்சிட்டேன்."

அவள் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். அடுத்த நொடி சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

பம்ப்பின் இரைச்சல் அடங்கிய சற்று நேரத்தில் கொப்புளம் உடைந்தது. அழுத்தம் இறங்கிவிட்டதால் நாலைந்து வாளி எண்ணெயோடு போயிற்று. மணல் மூட்டைகளைப் போட்டு வாய்க்காலை அடைத்தார்கள். கடலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. வெட்டியெடுத்த குழாய்த் துண்டை வெள்ளைக்கை விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போயிற்று. அன்றே சுரண்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

தண்டனையாக அவருக்கு ஒரு மாதம் வேலையில்லை. அவளிடம், உத்தரவில்லாமல் ஏன் நிறுத்தினாய் என்று விளக்கம் கேட்டார்கள். "தன் தப்பையே சொல்லிக்கொண்டு வந்தவரை நம்பினேன்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாளாம். அதைக் கேள்விப்பட்டபோது அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மாதம் முடிந்ததும் நேரே பம்ப் அறைக்குத்தான் போனார்.

"தங்கச்சி..." என்றவரின் கண் கலங்கியது.

"கண்ணெல்லாம் கசியுதேண்ணே! இதுக்கு எந்தப் பொத்தான அமுக்குறது?" என்று சிரித்தாள் அவள். "மத்தியானம் கப்பல் வருது. குழாய் தாங்குமா, சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் பம்ப்ப ஓட்டுவேன்."

"நடந்து பாத்துட்டு வந்து சொல்றேன்மா" என்று கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.