முதல் வரிசைக்கு வந்த ஆர்லீன்

ஆர்லீன் ஹியட்டாலாவுக்கு எழுபத்தொரு வயது. அதுவரை அவள் எந்த இடத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்ததில்லை. கணவனின் இறுதிச் சடங்கில் பாதிரியார் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனார். அப்போதும் இரண்டாவது பெஞ்சோடு நின்றுவிட்டாள். அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மிச்சிகனின் வடகோடியில் எங்கள் ஃபின்லாந்து வம்சத்து லுத்தரன் சபைக் கிறிஸ்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். எங்கள் தேவாலயம் பின்னாலிருந்துதான் நிரம்பும். முன்பெஞ்சுகள் நாலும் எண்பது வருடமாகப் புதுசாகவே கிடக்கின்றன.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாத்தியம் பழகுவார்கள். பிடித்த மெட்டு வந்தால் கரண்டி அப்படியே நின்றுவிடும், சூப் அடிபிடிக்கும். ஆண்டு விழாக் கச்சேரிக்கு அவளையும் அழைக்கத்தான் செய்தார்கள். ஆனால் இடைவேளைக் காபிக்கு ஆள் வேண்டுமே? சங்கீதம் என்றால் அவளுக்குச் சுவர் வழியாக வருவது.

செவ்வாய்க்கிழமைதோறும் முதியோர் மன்றத்துப் பேருந்து காசினோவுக்குப் போகும். அதில் ஏறுகிற முப்பது பேரில் ஒருவர்கூடச் சூதாடப் போவதில்லை. கேட்டுப் பாருங்கள், எல்லோரும் பஃபே சாப்பிடத்தான் போகிறார்கள். பிறகு எதற்கு ஸ்லாட் மெஷின் முன்னால் நாலு மணி நேரம் என்றால், செரிக்க வேண்டாமா என்பார்கள்.

ஆர்லீன் மட்டும் நிஜமாகவே ஆடமாட்டாள். அவளுடைய அக்கா வெர்னா கழிப்பறைக்குப் போகும்போது மெஷினை வேறு யாரும் பிடித்துவிடாமல் காவல் காக்க வேண்டும். அதற்காகவே அவளைக் கூட்டிப் போவாள். மெஷினைத் தொடாமல் அதன் முன்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் ஆர்லீனின் உத்தியோகம்.

பிப்ரவரியில் ஒருநாள் அவளே கழிப்பறை தேடிப் போனாள். காசினோவில் போன வழியே திரும்பி வந்தவர் யார்? மூன்று இடத்தில் திரும்பி ஒரு பெரிய கூடத்தில் போய் நின்றாள். மேடையில் நீல ஜிகினாக் கோட்டுப் போட்ட ஒருவர் கீபோர்டு வாசித்துக்கொண்டே நாற்பது காலி நாற்காலிகளைப் பார்த்து உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்.

பார் கவுண்டரில் இருந்த டெஸ் என்ற பெண்ணிடம், "டிக்கெட் எங்கம்மா வாங்கணும்?" என்று கேட்டாள்.

"ஃப்ரீதான், போய் உக்காருங்க."

"ஃப்ரீன்னா?"

"ஃப்ரீன்னா ஃப்ரீதான் ஆன்ட்டி!"

ஆர்லீனுக்கு நம்பிக்கை வரவில்லை. பின்சுவரில் சாய்ந்து, யாராவது வந்து விரட்டுவார்கள் என்று காத்துக்கொண்டே ஏழு பாட்டுக் கேட்டாள். அதற்குள் வெர்னாவின் மெஷினை வேறொருத்தி பிடித்துவிட்டாள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

அடுத்த வாரம் நிசு என்கிற எங்கள் ஏலக்காய் ரொட்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து பாடகரிடம் நீட்டினாள்.

"சும்மா வாங்கிட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராதுங்க."

பாடகர் பெயர் டுவேன் பெலாஞ்சர். விஸ்கான்சின்காரர். "பதினோரு வருஷமா பாடுறேன். பாட்டுக்கு ரொட்டி குடுத்த முதல் ஆள் நீங்கதான். பாட்டு எப்படி?"

"மோசமில்ல."

பாவம், அவர் முகம் வாடிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

ஈஸ்டர் வரை ஒரு வாரம்கூட விடாமல் ரொட்டியும் பாட்டும் நடந்தன. "முன்னாடி வாங்களேன், கடிச்சிட மாட்டேன்" என்று அவர் கூப்பிடுவார். "இங்கேயே நல்லா கேக்குது" என்பாள் இவள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாயன்று டுவேன் ரொட்டியைத் தொடவே இல்லை. "அடுத்த வாரம் மூணு மணிக்கு மேனேஜர் கெயில் கேமராவுல பாப்பாங்களாம். நாற்காலில இருபது தலையாவது இருக்கணும். இல்லேன்னா மத்தியானப் பாட்டை நிறுத்திட்டு இங்கேயும் மெஷின் போட்டுடுவாங்க."

ஆர்லீன் நீட்டிய ரொட்டியைத் திரும்பச் சுற்றி வைத்தாள். மறுபடியும் சுவருக்கு இந்தப் பக்கமா?

அடுத்த செவ்வாய் ஓடுகிற பேருந்தில் எழுந்து நின்றாள். அவள் நாலு பேர் முன்னால் பேசியது அதுவே முதல் தடவை. "மூணு மணிக்கு அந்தக் கூடத்துல காபி இருக்கு. நிசு இருக்கு. பாட்டும் இருக்கும், அது நம்ம கையில இல்ல. எல்லாரும் வந்து நாற்காலில உக்காரணும்."

"என் மெஷினை யாருடி பாத்துக்கறது?" என்றாள் வெர்னா.

"அதுக்கென்ன கால் முளைச்சு ஓடிடவா போகுது?"

காபி என்ற சொல்லுக்கு எங்கள் ஜனங்கள் மதிப்புக் கொடுப்பார்கள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே இருபத்தேழு பேர் வந்துவிட்டார்கள். ஆர்லீனுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் இருபத்தேழு பேரும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! நாற்பது நாற்காலியும் காலி.

மூன்று மணிக்குக் கவுண்டரில் போன் அடித்தது. டெஸ் எடுத்துக் கேட்டுவிட்டு, "கெயில் பாத்துட்டாங்க. ஒரு தலைகூட இல்லையாம். பத்து நிமிஷத்துல மறுபடி பாப்பாங்களாம்" என்றாள்.

"ஐயோ, போய் உக்காருங்களேன்!" என்றாள் ஆர்லீன்.

"மத்தவங்க உக்காரட்டும்" என்றார்கள் இருபத்தேழு பேரும்.

"உனக்கென்ன ரெய்னோ? சுரங்கத்துக்குள்ளயே முதல் ஆளா இறங்கினவன்தானே நீ?" என்று ஆர்லீன் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியைப் பிடித்தாள்.

"அங்க இருட்டு. இங்க முன்னாடி உக்காந்தா அந்த ஆளு நம்மளப் பாப்பாரே" என்றார் ரெய்னோ.

ரொட்டியைக் கொண்டுபோய் மேடைக்கு முன்னால் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொருவராகப் போனார்கள், ஒரு துண்டு எடுத்தார்கள், சுவருக்கே திரும்பினார்கள். கடைசித் துண்டை எடுக்க வெட்கப்பட்டு அதை எட்டாக நறுக்கினார்கள்.

அழுகை வருகிற நேரத்தில் ஆர்லீனுக்கு ஒன்று உறைத்தது. இவர்களுக்குப் பின்சுவர் மேல் ஆசை ஒன்றுமில்லை. பாடுகிற ஆளிடமிருந்து தள்ளியிருக்க வேண்டும், அவ்வளவுதானே? விறுவிறுவென்று மேடைக்கு நடந்தாள்.

"டுவேன், உங்க பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னாடி வாங்க."

"எங்கே?"

"சுவருகிட்ட! வாங்கன்னா வாங்க!"

டுவேன் கீபோர்டைத் தள்ளிக்கொண்டு, ஒயரை இழுத்துக்கொண்டு, பாடிக்கொண்டே வந்தார். அவர் ஓரடி நெருங்க, தரை துடைக்கிறவருக்கு வழி விடுவதுபோல இருபத்தேழு பேரும் ஓரடி விலகினார்கள். பக்கச் சுவரோரமாக அவரைச் சுற்றி விலகி விலகி மேடை வரைக்கும் போய்விட்டார்கள். அதற்கு மேல் போக இடமில்லை. மேடையை ஒட்டிய வரிசை இப்போது கடைசி வரிசை ஆகிவிட்டதால் நிம்மதியாக அதில் உட்கார்ந்தார்கள். அது நிரம்பியதும் அடுத்தது. நாற்காலிகள் மேடையைப் பார்த்துத் தரையோடு முடுக்கப்பட்டவை. எனவே எல்லோரும் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு, முதுகுப் பக்கமிருந்து வந்த பாட்டைக் கேட்டார்கள். யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. தேவாலயத்திலும் பாடகர் குழு பின்மாடியில்தான் நிற்கும்.

போன் மறுபடி அடித்தது. "இருபத்தேழா? சரி மேடம்… ஏன் காலி மேடையைப் பாக்கறாங்கன்னா கேக்கறீங்க? அவங்க லுத்தரன்கள் மேடம்." டெஸ் போனை வைத்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள். பாட்டு பிழைத்தது.

அப்போதுதான் ஆர்லீன் தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். டுவேனைக் கூட்டி வந்தவள் பின்சுவரோடேயே நின்றுவிட்டாள். டுவேன் இரண்டு முழ தூரத்தில் இருந்தார். நடுவில் யாருமே இல்லை. கால்கள் ஓடிவிடப் பார்த்தன. அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டுவேன் ஒரு ரயில் பாட்டைப் பாடினார். வலது கட்டைவிரல் சரியாக மடங்காமல் அவர் சமாளிப்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பாட்டுக்குள் மூச்சு இருக்கிறது என்பது அவளுக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது. முப்பத்தொரு வருடமும் அதைச் சுவர் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் தன்னந்தனியாக, பலமாகக் கைதட்டினாள்.

இருபத்தேழு தலைகளும் திரும்பின.

"ஆர்லீன்! என்னடி ஆச்சு உனக்கு?" என்று வெர்னா பதறினாள்.

"ரொம்ப நல்லாருந்துச்சு" என்றாள் ஆர்லீன்.

திரும்புகிற பேருந்தில் யாரும் அவளோடு பேசவில்லை. பாதி வழியில் வெர்னா மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"பக்கத்துல இருந்து கேட்டாத்தான் தெரியும்க்கா. அடுத்த வாரம் உனக்கும் ஒரு ஸ்டூல் பிடிச்சு வைக்கட்டுமா?"

வெர்னா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பிடி" என்றாள். "ஆனா ரெண்டாவது வரிசைல."