பேதுருவின் ஐஸ் பெட்டியில் ஒரு மூலை

ஓலைத்தொடுவாய்க் கிராமத்து றஞ்சிதா, அரசாங்கம் இலவசமாகத் தரும் இன்சுலினை இறால் பண்ணைக்கு விற்கிறாள் என்று சொன்னார்கள். சொன்னது கிளினிக் வரிசை. அதற்குப் பொய் சொல்ல நேரமில்லை என்று நினைக்காதீர்கள். விடியமுன் வந்து நிற்கிற வரிசையிடம் நேரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆதாரமும் வைத்திருந்தார்கள். மாதாமாதம் போத்தல் வாங்குகிறாள், இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் மருந்து எங்கே போகிறது? இறாலுக்குத்தான். குத்தினால் கொழுக்குமாம்.

அதே வரிசையில் இன்சுலினுக்கு நிற்கிறவன் நான். முதலில் பண்ணைக்குப் போய்க் கேட்டேன். காவலாளி விழுந்து விழுந்து சிரித்தான்.

"இறாலுக்கும் சீனி வருத்தமோ அண்ணை? ஒவ்வொண்டாப் பிடிச்சுக் குத்த எனக்கு ஆர் சம்பளம் தாறது?"

பிறகு றஞ்சிதா வீட்டுக்குப் போனேன். ஐம்பதை நெருங்குகிறாள், கருவாட்டு வாடியில் மீன் காயவைப்பது தொழில். கணவன் கற்பிட்டிக்கு மீன்பிடிக்கப் போய் அங்கேயே வேறொரு வீட்டில் கரையேறிவிட்டான். தகரக் கூரை; மத்தியானத்தில் உள்ளே முட்டை அவிக்கலாம். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அதனால் கரண்ட் இல்லை. வலது காற்பெருவிரலில் கறுத்த புண். அடுத்த கிளினிக் நாளுக்குள் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். விரல் போனால் வாடியில் நாள் முழுக்க நிற்க முடியாது. நிற்காதவர்களுக்கு அங்கே சம்பளமும் இல்லை.

"இன்சுலினை எங்கை வைக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்தது. "குளிருக்கை வையுங்கோ எண்டு கிளினிக்கிலை சொன்னவை. என்னட்டை எங்காலை பிறிஜ்? பேதுரு அண்ணைதான் தன்ரை ஐஸ் பெட்டியிலை ஒரு மூலை தந்தவர். நேர்ஸ்மாரின்ரை பிறிஜ்ஜே தோத்துப்போம், அண்ணை! கல்லு மாதிரி இருக்கும். தேத்தண்ணி கொதிக்குமட்டும் கமக்கட்டுக்கை வைச்சு இளக்கிப்போட்டுத்தான் குத்துவன்."

பேதுரு மீன் வியாபாரி. மூலையைச் சும்மா கொடுக்கவில்லை. விடியற்காலையில் ஒரு கூடை மீன் வெட்டிக்கொடுக்க வேண்டும், பெட்டியிலிருந்து உருகி ஓடும் உப்பு ஐஸ் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று. கெளுத்தி முள் ஏறியது அங்கேதான். நோயால் மரத்துப்போன காலுக்கு அது தெரியவில்லை. மருந்துக்கு வாடகை கட்டப்போய் வாங்கிய புண்.

ஒருமுறை உறைந்த இன்சுலின் மருந்தாக வேலை செய்யாது. இதைச் சொல்லவேண்டிய பாவம் என் தலையில் விழுந்தது. சொன்னேன்.

"அப்ப இவ்வளவு மாசமா நான் குத்தினது?"

"தண்ணியைக் குத்தினமாதிரித்தான்," என்றேன்.

"இறாலுக்கு வித்திருந்தாலும் ரெண்டு காசு மிஞ்சியிருக்கும்," என்றாள். வதந்தி அவளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனாள். புதுப் போத்தல் கொடுத்தார்கள். ஈர மணலுக்குள் பானையைப் புதைத்து அதற்குள் போத்தலை வைத்தால் போதும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ஓலைத்தொடுவாயில் மணலுக்கா பஞ்சம்! எத்தனை கோப்பை சோறு, தேநீருக்குச் சீனி உண்டா, கோவில் திருநாளில் என்ன தின்றாய் என்றெல்லாம் முன்பே துருவித் துருவிக் கேட்டிருந்தார்கள். வீட்டில் பிறிஜ் இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. சொல்வழி கேளாதவள் என்று முடிவெடுக்க அந்தக் கேள்வி தேவைப்படவில்லை.

பானைக்குள் மருந்து நல்லபடியாக இருந்தது. விரல்தான் காத்திருக்கவில்லை. எடுத்தார்கள், பக்கத்து விரலையும் சேர்த்து.

வார்டில் பார்க்கப் போனபோது, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அவள் பேதுருவின் கணக்கைத்தான் எடுத்தாள்.

"கால் வீங்கின நேரம் ஒருநாள் வெட்டப் போகேல்லை. போத்தல் அண்டைக்கும் பெட்டிக்கைதான் கிடந்தது. பேதுரு அண்ணைக்கு ஒரு கூடை பாக்கி. ஆறினாப்போலை வாறன் எண்டு சொல்லிவிடுங்கோ, அண்ணை."

போய்ச் சொன்னேன். பேதுரு தராசைக் கீழே வைத்தார். கண் கலங்கியதும் உண்மை.

"பாவம் மனுசி. அவசரமில்லை எண்டு சொல்லுங்கோ. இனி நிக்கவும் தேவையில்லை, இருந்து வெட்டக் கதிரை ஒண்டு போட்டுவிடுறன்."

கதிரை வந்துவிட்டது. றஞ்சிதாவால் இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை. அந்த ஒரு கூடை மீன் அப்படியே பாக்கி நிற்கிறது.