தோற்றே பேர் வாங்கிய அல்பின் கிரெப்ஸ்

1908இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பிளம் ஃபோர்க் கல்லூரியின் கால்பந்து அணிக்கு (பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து) அல்பின் கிரெப்ஸ் தலைவனானதற்குக் காரணம் அவனுடைய உடம்பு. பன்றிப் பண்ணையில் தின்று வளர்ந்த உடம்பு. மேலே விழுந்தால் எதிராளி லேசில் எழுந்திருக்க மாட்டான். ஆனால் விழ வேண்டுமே! பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை இவன் துரத்திப் போவதற்குள், அந்த ஆள் எல்லைக் கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான்.

அந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. கல்லூரிப் பத்திரிகைக்கு ஆட்டச் செய்தி எழுதுவதும் அல்பின்தான். அழுதுகொண்டு எழுதுவானேன் என்று, "ரூஃபஸ் டில் தன் மூக்கினால் எதிரியின் முழங்காலைப் பலமாகத் தாக்கினான்" என்று எழுதிவைத்தான். ஊரே சிரித்தது.

அணியில் ஆடிய ரூஃபஸ் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கட்டோடு சாப்பாட்டுக் கூடத்தில் வந்து நின்றான்.

"என் மூக்கு உடைஞ்சது உனக்கு வேடிக்கையாடா?"

அடுத்த வாரம் அல்பின் வீரம், தியாகம் என்று பயபக்தியோடு எழுதினான். ரூஃபஸ் மறுபடியும் வந்தான்.

"என்னடா இது, எழவுச் செய்தி மாதிரி? எங்கம்மா படிச்சிட்டு, நான் செத்தே போயிட்டேன்னு அழுதிருக்காங்க. பழையபடியே எழுது. ஆனா முதல்ல உன்னைக் கிழி, அப்புறம் எங்களை."

அது நியாயமாகப் பட்டது. "தலைவர் கிரெப்ஸ் இன்று மின்னலாக ஓடினார், ஆட்டம் முடிந்த பிறகு, சூப் ஆறிவிடுமே என்று" என ஆரம்பித்தான். இவர்கள் தோற்கும் அழகைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

கடைசி ஆட்டத்தன்று நல்ல மழை. கணுக்கால் புதையும் சேற்றில் எதிரணிக்காரர்களும் அல்பினின் வேகத்துக்கு இறங்கி வந்தார்கள். பிறகென்ன, ஒவ்வொருவனாகப் பிடித்து மேலே விழுந்தான். எதிரணி ஒரே ஒரு முறைதான் கோட்டைக் கடந்தது. தோல்விதான், ஆனால் அந்தப் பருவத்திலேயே சின்னத் தோல்வி! பயல்களுக்குத் தலைகால் புரியவில்லை. தலைவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள்.

வென்றவர்கள் திகைத்துப்போனார்கள். "ஏம்ப்பா, ஜெயிச்சது நாமதானே?" என்று ஒருவன் கேட்டே விட்டான்.

அதற்குள் ரூஃபஸின் கால் வழுக்கியது. அல்பின் பொத்தென்று விழுந்தான், தோளெலும்பு முறிந்தது.

"வலிக்குதா, கேப்டன்?"

"வலி கிடக்கட்டும். நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை ஒழுங்காத் தூக்கத் தெரியல. நாம எங்கடா ஜெயிக்கிறது!"

அல்பின் பின்னாளில் ஊர்ப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதியே பிழைத்தான். மழைக்காலத்தில் தோளைத் தேய்த்துக்கொண்டிருப்பான். யாராவது விசாரித்தால், "வெற்றி விழாவுல பட்ட அடிங்க" என்பான்.